ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை

1921ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில், மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த ஒரு சாற்றைச் சுத்தம் செய்து தரும் பொறுப்பு ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியலாளரிடம் வந்து சேர்ந்தது. பிரெடரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் அதுவரை அந்தச் சாற்றை நாய்களுக்குத்தான் செலுத்தி வந்தார்கள். காலிப் முயல்களைப் பயன்படுத்தினார். எந்த நோயும் இல்லாத சாதாரண முயல்கள். சாறு உள்ளே போனதும் அவற்றின் இரத்தச் சர்க்கரை இறங்கியது. அளவு கூடியபோது முயல்கள் பசியில் பரபரத்தன, பிறகு துவண்டன, கடைசியில் தலை பின்னுக்கு வளைய வலிப்பு வந்து விழுந்தன. அப்படி விழுந்த முயலுக்குக் குளுக்கோஸ் ஊசி போட்டால் சில நிமிடங்களில் எழுந்து உட்கார்ந்தது.

அந்தச் சாறுதான் இன்சுலின். 1922 ஜனவரி 11 அன்று லெனர்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகப் போடப்பட்டது. மருந்துக்கு ஓர் அளவுமுறை வேண்டுமே என்று யோசித்த டொராண்டோ குழுவினர் முயலையே அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். 24 மணி நேரம் பட்டினி போட்ட, சுமார் 2 கிலோ எடையுள்ள முயலின் சர்க்கரையை வலிப்பு வரும் நிலைக்கு, அதாவது 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 45 மில்லிகிராம் என்ற அளவுக்கு இறக்கத் தேவையான இன்சுலினை ஒரு யூனிட் என்றார்கள். வரையறை பிறகு பலமுறை மாறிவிட்டது. ஆனாலும் இன்று மருந்துக்கடையில் நாம் கேட்டு வாங்கும் யூனிட் கணக்கின் தொடக்கம் அந்த முயலின் வலிப்பில்தான் இருக்கிறது. மருந்து கிடைத்த அதே நாளில் தாழ்சர்க்கரை என்ற ஆபத்தும் கூடவே வந்துவிட்டது. ஓராண்டுக்குள் டொராண்டோ மருத்துவர்கள் நோயாளிகளிடம் நடுக்கம், வியர்வை, காரணம் புரியாத பயம் ஆகியவற்றைப் பதிவு செய்தார்கள். ஆரஞ்சுச் சாறோ மிட்டாயோ எப்போதும் கைவசம் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். நூறாண்டு கடந்தும் அந்த அறிவுரை மாறவில்லை.

சர்க்கரை இறங்கினால் உடம்பு ஏன் இவ்வளவு கலவரப்படுகிறது? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வளர்ந்த மனிதருக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம். சாப்பிடாதபோது அதில் ஒவ்வொரு டெசிலிட்டருக்கும் (100 மில்லிலிட்டர்) 90 மி.கி. குளுக்கோஸ் இருப்பதாகக் கொண்டால் மொத்தம் நாலரை கிராம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை, அவ்வளவுதான். உடல் எடையில் 2 சதவீதமே இருக்கும் மூளை ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸை எரிக்கிறது. மணிக்கு 5 கிராம். புதிதாக எதுவும் வந்து சேராவிட்டால், இரத்தத்தில் இருப்பது மூளை ஒன்றுக்கே ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

தசைகள் இந்த நெருக்கடியில் பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. அவை கொழுப்பை எரித்துச் சமாளித்துக்கொள்ளும். மூளைக்கு அந்த வசதி கிடையாது. பல நாள் பட்டினிக்குப் பிறகு கல்லீரல் தயாரிக்கும் கீட்டோன்களை எரிக்க அது பழகிக்கொள்ளும். ஆனால் அரை மணியில் சர்க்கரை சரிந்தால் அந்த ஏற்பாடு உதவிக்கு வராது. ஆகவே நிமிடத்துக்கு நிமிடம் யாராவது அந்தத் தேக்கரண்டியை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது கல்லீரல். அதன் கிடங்கில் கிளைக்கோஜன் வடிவில் 100 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். இரவு சாப்பிட்டுவிட்டுப் படுத்து, காலையில் தெளிவாக எழுந்திருக்கிறோம் என்றால் அது கல்லீரலின் உபயம். கிடங்கு குறையக் குறைய, புரதத்தின் கூறுகளிலிருந்தும் கொழுப்பின் ஒரு பகுதியிலிருந்தும் புதிதாகக் குளுக்கோஸைத் தயாரிக்கவும் அதற்குத் தெரியும். தசைகளிலும் கிளைக்கோஜன் உண்டு, கல்லீரலைவிட அதிகமாகவே உண்டு. ஆனால் அதைக் குளுக்கோஸாக்கி இரத்தத்தில் விடுவதற்கான நொதி தசையில் இல்லை. தன் தேவைக்கு மட்டுமே அது பயன்படும்.

சர்க்கரை இறங்க ஆரம்பித்தால் உடல் படிப்படியாக எதிர்வினை ஆற்றுகிறது. 80 பக்கம் வரும்போதே கணையம் இன்சுலின் சுரப்பை அடக்கிவிடுகிறது. இன்னும் இறங்கி 70ஐ நெருங்கும்போது அதே கணையத்தின் இன்னொரு வகைச் செல்கள் குளுக்ககானைச் சுரந்து, கிடங்கைத் திறக்கும்படி கல்லீரலுக்கு உத்தரவிடுகின்றன. அட்ரினலின் பாய்கிறது. பின்னாலேயே கார்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் வருகின்றன. இவ்வளவும் நடந்தும் 60க்குக் கீழே போனால்தான் பெரும்பாலோருக்கு உடம்பில் ஏதோ சரியில்லை என்று தெரிகிறது. 50க்கு அருகில் சிந்தனையே தடுமாறத் தொடங்குகிறது. இந்த எண்கள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்பின் இருக்கும். வரிசை மட்டும் பெரும்பாலும் மாறாது. மருத்துவர்கள் 70க்குக் கீழே போனால் எச்சரிக்கை என்றும், 54க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டிய நிலை என்றும் கோடு போட்டிருப்பது இந்த வரிசையை வைத்துத்தான். அடுத்தவர் உதவியின்றி மீள முடியாத நிலைக்கு எண்ணே தேவையில்லை; மீட்டர் என்ன காட்டினாலும் அது கடுமையான தாழ்சர்க்கரைதான்.

இந்த அத்தியாயத்தில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இனி வருகிறது. 'லோ சுகர்' என்று நாம் மொத்தமாகச் சொல்லும் அறிகுறிகள் உண்மையில் இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து வருகின்றன.

முதல் கூட்டம்: கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, குப்பென்று வேர்த்துக் கொட்டுவது, அடங்காத பசி, உதட்டைச் சுற்றி மதமதப்பு, இனம்புரியாத பதற்றம். இவை சர்க்கரைக் குறைவால் நேர்ந்த சேதங்கள் என்றே பலர் நினைக்கிறார்கள். இவை பாதுகாப்பு ஏற்பாடுகள். தன்னியக்க நரம்பு மண்டலம் விழித்துக்கொண்டதன் அடையாளங்கள். நடுக்கமும் படபடப்பும் அட்ரினலினின் வேலை. வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டும் நரம்புகள் அசிட்டைல்கோலின் என்ற வேறொரு வேதிப்பொருளைப் பயன்படுத்துகின்றன. இந்தச் சின்ன வித்தியாசம் நடைமுறையில் உயிர்காக்கும். இரத்தக்கொதிப்புக்கோ இதயத்துக்கோ புரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சர்க்கரை இறங்கினால் நடுக்கமும் படபடப்பும் அமுங்கிப்போகலாம். வியர்வை அமுங்காது. அத்தகையவர் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும்போது சட்டை நனைந்தால் உடனே சர்க்கரையை அளந்து பார்க்க வேண்டும்.

இரண்டாம் கூட்டம் மூளையிலிருந்து வருகிறது. இங்கே எச்சரிக்கைக் கட்டம் முடிந்து பற்றாக்குறை தொடங்கிவிட்டது. பார்வை மங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும். பேச்சு குழறும். தெரிந்த கூட்டல் கணக்கு வராது. காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள், அழுவார்கள், சிரிப்பார்கள். வீட்டுக்குப் போகும் வழியை மறந்து வேறு தெருவில் நடந்துகொண்டிருப்பார்கள். இன்னும் இறங்கினால் வலிப்பு, நினைவிழப்பு. சிலருக்கு ஒரு பக்கக் கைகால் செயலிழந்து பக்கவாதம் போலவே தோன்றும். குளுக்கோஸ் ஏறியதும் கை அசையும். பக்கவாதம் என்று யார் வந்தாலும் அவசரப் பிரிவில் முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாம் கூட்டத்தின் கொடுமை, அதை உணர வேண்டிய மூளைதான் அப்போது பட்டினியில் கிடக்கிறது என்பது. 'உங்களுக்குச் சுகர் இறங்கிடுச்சு, இதைக் குடிங்க' என்று மனைவி டம்ளரை நீட்டினால், 'எனக்கு ஒண்ணும் இல்ல, சும்மா விடு' என்று தட்டிவிடுவார். அது பிடிவாதம் ஆகாது; நோயின் அறிகுறி. சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் எல்லோரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அவர் சொல்லும் 'ஒண்ணும் இல்ல'வை அந்த நேரத்தில் நம்பக் கூடாது, வாதாடவும் கூடாது. பொறுமையாகக் குடிக்கவைக்க வேண்டும்.

தூக்கத்தில் இறங்கினால் முதல் கூட்டம் சரியாகக் கேட்பதில்லை, ஏனென்றால் உறக்கத்தில் அட்ரினலின் எதிர்வினையே மட்டுப்படுகிறது. கெட்ட கனவு, ஈரமான தலையணை, காலையில் தலைவலி, எட்டு மணி நேரம் தூங்கியும் அடித்துப்போட்டது போன்ற சோர்வு ஆகியவை தடயங்கள். மாலையில் கடுமையாக உழைத்தவருக்கோ விளையாடியவருக்கோ அன்று பின்னிரவில் சர்க்கரை இறங்குவது சாதாரணம். காலியான தசைகள் பல மணி நேரம் இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துத் தம் கிடங்கை நிரப்பிக்கொள்கின்றன. கையில் ஒட்டும் சென்சார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அந்தக் கையின்மேல் படுத்துத் தூங்கினால் அழுத்தத்தால் பொய்யாகவே குறைந்த அளவு காட்டும். சந்தேகம் இருந்தால் விரலில் குத்திப் பார்த்துவிடுங்கள்.

இப்போது எச்சரிக்கையே வராமல் போகும் நிலையைப் பார்க்கலாம். இதில்தான் எனக்கு அதிகக் கவலை.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிலிப் கிரையர் என்ற மருத்துவர் பல பத்தாண்டுகளைத் தாழ்சர்க்கரை ஆய்வுக்கே செலவிட்டவர். 1991இல் அவரும் சைமன் ஹெல்லரும், சர்க்கரை நோயே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு நாள் பிற்பகலில் செயற்கையாகச் சர்க்கரையை இறக்கிப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் மீண்டும் அதே அளவுக்கு இறக்கியபோது ஹார்மோன்களும் அறிகுறிகளும் முந்தைய நாளைவிடக் குறைவாகவே கிளம்பின. ஒரே ஒரு முறை இறங்கினாலே அடுத்த முறைக்கான எச்சரிக்கை மங்குகிறது. சர்க்கரை நோயாளிக்கு இது ஒரு சுழல். அடிக்கடி இறங்குவதால் எச்சரிக்கை மங்குகிறது. மங்கியதால் இன்னும் ஆழமாக இறங்குகிறது. முதல் வகைச் சர்க்கரை நோயில் சில ஆண்டுகளிலேயே குளுக்ககான் எதிர்வினையும் போய்விடும் என்பதால் அட்ரினலினை மட்டுமே நம்பியிருக்க வேண்டும். அதுவும் மங்கினால், 60இல் கை நடுங்கியவருக்கு 40இல்கூட ஒன்றும் தெரியாது. 'எனக்கெல்லாம் 45 வந்தாலும் ஒண்ணும் செய்யாது' என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள்தான் மிகுந்த ஆபத்தில் இருப்பவர்கள். வண்டி ஓட்டும்போதோ, குளத்தில் இறங்கும்போதோ, ஏணியில் நிற்கும்போதோ அவர்களுக்கு வரும் முதல் அறிகுறி நினைவிழப்பாகவே இருக்கலாம்.

நல்ல செய்தியும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் இத்தாலியின் பெருஜியாவிலும் லண்டனிலும் செயின்ட் லூயிஸிலும் நடந்த ஆய்வுகள், சில வாரங்கள் சர்க்கரையை ஒருமுறைகூடத் தாழவிடாமல் பார்த்துக்கொண்டால் இழந்த எச்சரிக்கை பெரும்பாலும் திரும்பி வருகிறது என்று காட்டின. நரம்பு செத்துப்போகவில்லை, பழகிப்போயிருக்கிறது. இப்படிப்பட்டவருக்கு இலக்கைச் சிறிது காலம் தளர்த்தி, சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இருக்கட்டும் என்று மருத்துவர் சொல்வதன் பொருள் இதுதான்.

இலக்கு பற்றிய கேள்வி எளிதானதும் இல்லை. 1993இல் வெளிவந்த அமெரிக்க-கனடியப் பெரும் ஆய்வு ஒன்று, சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தினால் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் காப்பாற்றப்படுகின்றன என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. அதே ஆய்வில் கறாராகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கடுமையான தாழ்சர்க்கரை மூன்று மடங்கு வந்தது. 2008இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இரண்டாம் வகை நோயாளிகளை வைத்து நடந்த 'அக்கார்ட்' ஆய்வில், சர்க்கரை தீவிரமாகக் குறைக்கப்பட்ட பிரிவில் இறப்புகள் கூடியதால் அந்தப் பிரிவையே இடையில் நிறுத்தினார்கள். இறப்புக்குத் தாழ்சர்க்கரைதான் காரணமா என்பது விவாதமாகவே தொடர்கிறது. ஆனால் 75 வயதுத் தாத்தாவுக்கும் 30 வயதுப் பேரனுக்கும் ஒரே இலக்கு வைப்பது தவறு என்பது அதற்குப் பிறகு உறுதியானது. மூன்று மாதச் சராசரி (HbA1c) 6 சதவீதத்துக்கு வந்துவிட்டது என்று முதியவரைப் பாராட்டுவதற்கு முன்னால், அவர் அதற்காக எத்தனை இரவு வேர்த்து எழுந்தார் என்று கேட்க வேண்டும்.

முதியவர்களைக் கவிழ்ப்பது இன்சுலின் மட்டுமில்லை, மாத்திரையும்தான். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு முதலான சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகள் கணையத்தை வலிந்து இன்சுலின் சுரக்கவைப்பவை. அவற்றின் பிறப்பே ஒரு தாழ்சர்க்கரைக் கதை. 1942இல், போர்க்காலப் பிரான்சின் மோன்பெலியே நகரில் டைபாய்டு நோயாளிகளுக்குப் புதிய சல்ஃபா மருந்து ஒன்றைக் கொடுத்தார் மார்செல் ஜான்போன். நோயாளிகள் சிலருக்கு வலிப்பு வந்தது, சிலர் இறந்தார்கள். சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கியிருந்தது. அவருடைய சக ஆய்வாளர் ஓகுஸ்த் லுபதியேர் அந்த மருந்து கணையத்தைத் தூண்டுகிறது என்று கண்டறிந்தார். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த வழியில் சர்க்கரை மாத்திரை சந்தைக்கு வந்தது.

இந்த வகை மாத்திரையின் சிக்கல், சாப்பிட்டாயா இல்லையா என்று அது கேட்பதில்லை. விரதம், வாந்தி, பேதி, பந்தியில் தாமதம், எதுவானாலும் அது சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு, குறிப்பாகக் கிளிபென்கிளமைடு, உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறாது. காலையில் மயங்கியவரைக் குளுக்கோஸ் ஏற்றித் தெளியவைத்து வீட்டுக்கு அனுப்பினால் மாலையில் மீண்டும் மயங்குவார். மாத்திரையால் வந்த கடுமையான தாழ்சர்க்கரையை மருத்துவமனையில் குறைந்தது ஒரு நாளாவது கண்காணிக்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ரமலான் நோன்போ சஷ்டி விரதமோ இருக்க நினைப்பவர், தான் சாப்பிடும் மாத்திரை எந்த வகை என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. 70க்குக் கீழே போனால் நோன்பை முடித்துக்கொள்வதே சரி.

இறங்கிவிட்டால் என்ன செய்வது? நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு 15 கிராம் சர்க்கரை: மூன்று நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ, குளுக்கோஸ் பொடியாகவோ, அரை டம்ளருக்குக் குறையாத பழச்சாறாகவோ கொடுங்கள். 15 நிமிடம் காத்திருந்து மீண்டும் அளந்து, 70க்குக் கீழேயே இருந்தால் மறுபடி அதே அளவு. ஏறிய பிறகு இட்லியோ சோறோ சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப இறங்கும். சாக்லேட், லட்டு, ஐஸ்கிரீம் எல்லாம் இனிப்புதான், ஆனால் அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும், அவசரத்துக்கு உதவாது. அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை மெதுவாகவே செரிக்கும் என்பதால் குளுக்கோஸ் பொடியே வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். குளுக்ககான் ஊசி வீட்டில் இருந்தால் போடலாம். மருத்துவமனையில் இரத்தக்குழாய் வழியாக டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்றுவார்கள். குளுக்கோமீட்டர் பக்கத்தில் இல்லை, அறிகுறி இருக்கிறது, இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் என்றால் அளக்கக் காத்திருக்காமல் சர்க்கரையைக் கொடுத்துவிடுங்கள்.

நீண்ட நாள் 300, 350 என்று இருந்தவர்கள் சிகிச்சை தொடங்கியதும் 110இலேயே நடுங்குவார்கள். மூளையும் நரம்புகளும் அந்த உயரத்துக்குப் பழகியிருப்பதால் வரும் பொய் எச்சரிக்கை அது. சில வாரங்களில் சரியாகிவிடும். அதற்காக மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் சர்க்கரை இறங்குமா? இறங்கும், ஆனால் நாம் நினைப்பதைவிட மிக அரிது. அலபாமாவின் பர்மிங்காமில் மருத்துவராக இருந்த சீல் ஹாரிஸ், டொராண்டோவுக்குப் போய் இன்சுலின் அதிகமானால் என்ன ஆகிறது என்று நேரில் பார்த்தார். ஊசியே போடாத தன் நோயாளிகள் சிலரும் இதே பசி, நடுக்கம், பலவீனத்தைச் சொன்னது அவருக்கு நினைவு வந்தது. கணையம் தானாகவே மிகையாகச் சுரக்குமோ என்று 1924இல் எழுதினார். 1927இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையிலிருந்து அதற்குச் சாட்சி வந்தது. அடிக்கடி தாழ்சர்க்கரையால் அவதிப்பட்ட நோயாளி ஒருவர், அவரே ஒரு மருத்துவர். வயிற்றைத் திறந்து பார்த்தபோது கணையத்தில் கட்டி இருந்தது, கல்லீரலுக்கும் பரவியிருந்தது. அவர் இறந்த பிறகு அந்தக் கட்டியின் சாற்றை முயல்களுக்குச் செலுத்தினார்கள்; அவற்றின் சர்க்கரை இறங்கியது. 1929இல் டொராண்டோவில் ராஸ்கோ கிரகாம் இத்தகைய கட்டியொன்றை அறுவை செய்து நீக்கி நோயாளியைக் குணப்படுத்தினார்.

செய்தி பரவியதும் படபடப்பு என்று வந்தவர்களுக்கெல்லாம் கணையத்தில் கட்டி தேடுகிற ஆர்வம் கிளம்பியது. நியூயார்க்கின் அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் 1930களில் அதற்குக் கடிவாளம் போட்டார். அவர் கேட்டவை மூன்று. அறிகுறிகள் தாழ்சர்க்கரைக்குப் பொருந்துகின்றனவா? அறிகுறி இருக்கும் அதே வேளையில் அளந்தபோது சர்க்கரை உண்மையிலேயே குறைந்திருந்ததா? ஏற்றியதும் அறிகுறி மறைந்ததா? மூன்றும் சேர்ந்தால்தான் மேலே தேட வேண்டும். இன்றுவரை உலகெங்கும் இதுதான் வாசல்படி. சர்க்கரை நோய் இல்லாதவருக்கு இதில் 55க்குக் கீழே என்பதைக் கணக்காக வைக்கிறார்கள். ஆய்வகத்தில் முறையாக எடுத்த இரத்தத்தில் அளக்க வேண்டும். வீட்டுக் குளுக்கோமீட்டர் இந்தக் கீழ் எல்லையில் அவ்வளவு துல்லியம் கிடையாது.

காலைச் சாப்பாடு தள்ளிப்போனால் கை நடுங்குகிறது, எனக்கு லோ சுகர் என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நேரத்தில் அளந்தால் 80, 85 இருக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. பதற்றம், தூக்கமின்மை, காபி, தைராய்டு மிகுதி, இரத்தசோகை, எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சரிவது எனப் பலவும் இதே அட்ரினலின் அறிகுறிகளைத் தரும். சர்க்கரைமேல் பழியைப் போட்டு அடிக்கடி இனிப்பைத் தின்றால் உண்மையான காரணம் கண்டுபிடிக்கப்படாமலே போகும். அமெரிக்காவில் இது ஒரு காலத்தில் அலையாகவே பரவி, 1973இல் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து எச்சரிக்கை அறிக்கை வெளியிடும் அளவுக்குப் போனது.

உண்மையிலேயே இறங்குபவர்களிடம் சில அடையாளங்கள் உண்டு. வெறும் வயிற்றில், விடியற்காலையில், உழைப்புக்குப் பின் வருவது. படபடப்பைவிடக் குழப்பமும் நினைவு தப்புவதும் தூக்கலாக இருப்பது. அடிக்கடி சாப்பிட்டே சமாளிப்பதால் எடை கூடுவது. இன்சுலின் சுரக்கும் கணையக் கட்டி பெரும்பாலும் 2 செ.மீ.க்கும் குறைவானது, பத்தில் ஒன்பது புற்றுநோய் அல்லாதது, எடுத்துவிட்டால் குணமாவது. ஆனால் கால்கை வலிப்பு என்றோ மனநோய் என்றோ ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டபின் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் பலர். எடைக்குறைப்புக்காக இரைப்பை மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர்களில் சிலருக்குச் சாப்பிட்ட ஓரிரு மணியில் இறங்கும். கல்லீரல் செயலிழப்பு, கடும் கிருமித்தொற்று, அட்ரினல் சுரப்பிக் குறைபாடு, கடுமையான மலேரியா ஆகியவற்றிலும் இறங்கும்.

மதுவைத் தனியே சொல்ல வேண்டும். மதுவைச் சிதைக்கும் வேலையில் இறங்கிய கல்லீரலால் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்க முடிவதில்லை. நாள் முழுவதும் சாப்பிடாமல் குடித்தவருக்குக் கிளைக்கோஜன் கிடங்கும் காலியாக இருக்கும். அவர் தெருவோரம் குழறிக் கிடந்தால் போதை என்றே எல்லோரும் கடந்துபோவார்கள், வாடையும் அதைத்தான் சொல்லும். சர்க்கரை 30இல் இருக்கக்கூடும். குடித்தவர் என்பதற்காக அவருக்கு ஒரு சொட்டு இரத்தச் சோதனையை யாரும் மறுக்கக் கூடாது.

குழந்தைகளுக்குக் கிடங்கு இன்னும் சிறியது, உடலை ஒப்பிட்டால் மூளை பெரியது. பீகாரின் முசாபர்பூரில் 1990களின் நடுவிலிருந்து ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் குழந்தைகள் விடியற்காலையில் வலிப்பு வந்து நினைவிழந்தார்கள். முந்தைய மாலை ஓடியாடிய குழந்தைகள். ஊரார் அதைச் சம்கி காய்ச்சல் என்றார்கள், மருத்துவர்கள் மூளைக்காய்ச்சல் வைரஸைத் தேடினார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய வைரஸ் ஆய்வாளர் டி. ஜேக்கப் ஜான், முசாபர்பூர் குழந்தை மருத்துவர் அருண் ஷா, நச்சியல் அறிஞர் முகுல் தாஸ் ஆகியோர் வேறொரு திசையில் பார்த்தார்கள். ஜமைக்காவில் பழுக்காத அக்கீ பழத்தைத் தின்று வாந்தியெடுத்து, சர்க்கரை இறங்கி இறந்தவர்களின் கதை மருத்துவ உலகுக்குத் தெரிந்ததே. அதிலுள்ள ஹைப்போகிளைசின் என்ற நஞ்சை 1950களில் அங்கேயே பிரித்தெடுத்திருந்தார்கள். லிச்சியும் அதே தாவரக் குடும்பம். முசாபர்பூரோ லிச்சித் தோப்புகளின் ஊர், மே மாதம் அறுவடைக் காலம்.

2014இல் இந்திய தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து நடத்திய விசாரணை 2017இல் வெளியானது. அந்தப் பருவத்தில் இரண்டு மருத்துவமனைகளில் 390 குழந்தைகள் சேர்க்கப்பட்டு 122 பேர் இறந்தார்கள். சேர்க்கும்போது அளக்கப்பட்டவர்களில் 62 சதவீதத்தினருக்குச் சர்க்கரை 70 அல்லது அதற்கும் கீழே. லிச்சி சாப்பிட்டிருப்பதும் இரவு உணவு இல்லாமல் படுத்திருப்பதும் நோயோடு வலுவாகத் தொடர்புகொண்டிருந்தன. சோதித்த குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினரின் சிறுநீரில் நஞ்சின் சிதைபொருள்கள் இருந்தன. லிச்சியின் நஞ்சு கொழுப்பை எரிக்கும் வழியையும் குளுக்கோஸ் தயாரிக்கும் வழியையும் சேர்த்தே அடைக்கிறது. நன்றாகச் சாப்பிட்டுப் படுத்த குழந்தைக்குக் கல்லீரல் கிடங்கு விடியும்வரை தாங்கும். வெறும் வயிற்றோடு தோப்பில் பொறுக்கிய பழத்தை மட்டும் தின்று படுத்த ஏழைக் குழந்தைக்கு நள்ளிரவு தாண்டியதும் கிடங்கு தீர்ந்துவிடும், மாற்றுவழியும் அடைபட்டிருக்கும். அதே பழத்தைத் தின்ற வசதியான வீட்டுக் குழந்தைகள் தப்பித்ததன் காரணம் இரவுச் சோறுதான்.

விசாரணைக் குழு பரிந்துரைத்தவை எளியவை: குழந்தைகளுக்கு இரவு உணவு தவறக் கூடாது, லிச்சி அதிகம் தின்னவிடக் கூடாது, வலிப்போடு வரும் எந்தக் குழந்தைக்கும் காரணம் தெரியும்வரை காத்திராமல் உடனே சர்க்கரையை அளந்து குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். அவற்றைப் பின்பற்றிய ஆண்டுகளில் எண்ணிக்கை இறங்கியது. 2019இல் கடும் வெயிலின்போது மீண்டும் 100க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். முதல் சில மணி நேரத்துக்குள் குளுக்கோஸ் ஏறினால் மூளை பெரும்பாலும் தப்பிக்கும் என்று ஜேக்கப் ஜானும் அருண் ஷாவும் அதற்கு முன்பே எழுதியிருந்தார்கள். குடிசையிலிருந்து நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு வந்து சேருவதற்குள் அந்த மணிகள் கழிந்துவிடுகின்றன. அதனால்தான் குளுக்கோமீட்டரும் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவரும், பின்னிரவு இரண்டு மணிக்கும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தாக வேண்டும்.